ஏசியின் வெளிப்பெட்டி யார் வீட்டுப் பக்கம் பார்க்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஏசி பூட்ட யோசிப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். ஏற்கெனவே பூட்டியவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

நம்ம கரையோர ஊர்களில் கச்சான் காத்து தொடங்கினால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பகல் முழுக்கக் காய்ந்த பிளேட் இரவு பன்னிரண்டு மணிக்கும் வெக்கையைக் கக்கிக்கொண்டிருக்கும். பேன் சுற்றினால் சுடுகாற்றுத்தான் சுற்றும். இளம் ஆட்கள் வாசலில் பாய் போட்டுப் படுத்துச் சமாளிக்கலாம். கட்டிலோடு கிடக்கும் நோயாளி என்ன செய்வது?

எங்கள் மாமிக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலப்பக்கம் வேலை செய்யாது. தானாகப் புரண்டு படுக்க முடியாது. வியர்வையில் முதுகு நனைந்து நனைந்து படுக்கைப் புண் தொடங்கியது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா புரட்டிப் படுக்க வைத்தோம், பவுடர் போட்டோம், காற்று மெத்தை வாங்கினோம். வெக்கையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் கட்டாரில் இருக்கும் மச்சான் காசு அனுப்ப, 12,000 பிடியு இன்வேர்ட்டர் ஸ்பிளிட் ஏசி ஒன்று வாங்கினோம். வாங்கினது ஒரு நாள் வேலை. எங்கே பூட்டுவது என்று முடிவெடுக்க ஒரு கிழமை போனது.

முதலில் ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியில் கொட்டுகிறது. அவ்வளவுதான். 12,000 பிடியு என்றால் முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய மூன்றரைக் கிலோவாட் வெப்பத்தை அறையில் இருந்து எடுக்கும். அது ஓடுவதற்கு எடுக்கும் கரண்டும் கடைசியில் வெப்பமாகித்தான் வெளியில் போகும். இரண்டையும் கூட்டினால் நாலரைக் கிலோவாட் அளவில் வரும். ஆயிரம் வாட் அயன் பொக்ஸ் நாலைந்தைச் சூடாக்கி யன்னலுக்கு வெளியே வரிசையாக வைத்த மாதிரி. நமக்குக் குளிர் என்றால், அந்தச் சூடு யாருக்கோ போகிறது.

அந்த ‘யாரோ’ யார் என்பதுதான் கேள்வி.

நம்ம ஊர் வளவுகள் எப்படி என்று தெரியும்தானே. பிள்ளைகளுக்கு வீடு கொடுத்து வளவைப் பிரித்து, பிரித்ததைத் திரும்பவும் பிரித்து, இப்போது மதிலுக்கும் சுவருக்கும் இடையில் மூன்றடி இருந்தால் பெரிய விசயம். பூட்ட வந்த பாஸ் அறையைப் பார்த்த உடனே சொன்னார்: “சேர், இந்தப் பக்கச் சுவரில் வெளிப்பெட்டியை மாட்டினா பத்தடி கொப்பர் பைப்போட வேலை முடியும். செலவும் குறைவு.” தொழில் கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் அந்த மூன்றடிக்கு அப்பால் பக்கத்து வீட்டு ராத்தாவின் குசினி யன்னல். தஹஜ்ஜத் நேரத்திலேயே எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவ. அடுப்பு வெக்கையோடு நிற்கிற மனிசிக்கு அந்த யன்னலால் வருகிற காற்று ஒன்றுதான் ஆறுதல்.

போய்க் கேட்டோம். “மாமிக்குத்தானே தம்பி, தாராளமா வைங்க. எனக்கு ஒண்டும் இல்ல” என்றா.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்ன வார்த்தை: “அவ இல்லண்டு சொல்ல மாட்டா. அதுதான் கஷ்டம்.”

அது உண்மை. நோயாளியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்த அயலவரும் மறுக்க மாட்டார். மறுக்க முடியாத இடத்தில் நிற்கிறவரிடம் வாங்கும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லலாமா? அயலவரின் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் எத்தனை பயான் கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் அது கறியில் ஒரு கரண்டி கொடுப்பதில் தெரிந்தது. இந்தக் காலத்தில் சூட்டை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதிலும் தெரிய வேண்டும்.

ஆகவே பெட்டியை மேலே, பிளேட்டுக்கு ஏற்றினோம். பத்தடி பைப் இருபத்திரண்டு அடி ஆனது. அடிக் கணக்கில் காசு கூடியது. பைப் நீண்டால் கேஸும் கொஞ்சம் கூடுதலாக அடிக்க வேண்டி வரலாம். எத்தனை மீற்றருக்கு மேல், மீற்றருக்கு எத்தனை கிராம் என்பது பெட்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும். காற்று வெளிப்படும் முகத்தை ரோட்டுப் பக்கமாக, வெட்டையாகத் திருப்பினோம். இதில் எங்களுக்கும் லாபம் இருக்கிறது. ஒடுங்கிய இடைவெளியில் வைத்தால் தான் துப்பிய சூட்டையே பெட்டி திரும்ப இழுக்கும். குளிர் குறையும், கரண்ட் கூடும்.

பூட்டும்போது நாங்கள் விட்டுக்கொடுக்காமல் நின்ற நாலு விசயங்களையும் சொல்லிவிடுகிறோம். யாருக்காவது உதவும்.

ஒன்று, வேக்கூம். புதுப் பைப்புக்குள் காற்றும் ஈரமும் இருக்கும். சில பாஸ்மார் பெட்டியில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்து விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு “சரி” என்பார்கள். அப்படிச் செய்தால் ஈரம் உள்ளே தங்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கொம்பிரசரை மெல்ல மெல்லத் தின்னும். இப்போது வரும் ஆர்32 கேஸ் தீப்பிடிக்கக் கூடியது. காபனீரொட்சைட்டை விட 675 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியதும்கூட. அதைச் சும்மா வெளியில் விடுவது எந்த வகையிலும் சரியில்லை. பம்ப் கொண்டு வந்து, இழுத்து, மீற்றர் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸைத் திறக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, கரண்ட். பிளக்கில் இருந்து எக்ஸ்டென்சன் வயர் இழுக்க வேண்டாம். மெயின் போர்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான ஏர்த். ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் பட்டனை அமத்திப் பாருங்கள்.

மூன்று, தண்ணீர். நம்ம கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். உள்பெட்டியில் இருந்து நாளுக்கு வாளிக் கணக்கில் தண்ணீர் வடியும். குழாய் சரிவாக இறங்க வேண்டும், இறங்கும் இடம் நமது வளவாக இருக்க வேண்டும். இந்தச் சொட்டுத் தண்ணியால் அடுத்தடுத்த வீட்டார் இரண்டு பேர் ஜனாஸா வீட்டில்கூட முகம் பார்க்காமல் நின்றதைக் கண்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் அது வாழை மரத்துக்குப் போகிறது.

நாலு, உப்புக் காற்று. கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் ஸ்டாண்டையும் ஆணியையும் துருப் பிடிக்காத வகையில் கேட்டு வாங்குங்கள். வெளிப்பெட்டியை இடைக்கிடை, கரண்டை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். உள்ளே உள்ள பில்டரை இரண்டு கிழமைக்கு ஒருக்கா கழுவினால் போதும்.

இனிக் கரண்ட் பில். 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த வருடம் ஆகஸ்ட்டிலும் அடுத்த 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய ஏற்றமும் நினைவிருக்கும். பிறகு குறைந்தும் கூடியும் வருகிறது, ஆனால் அடிப்படை ஒன்றுதான்: யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். இரவில் எட்டு மணித்தியாலம், சராசரி அறுநூறு வாட் என்று வைத்தாலும் மாதம் 140 யூனிட்டுக்கு மேல் வரும். முன்பு 90 யூனிட் எரித்த வீடு 230 ஐத் தாண்டும். 180 க்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் ஆகக் கூடிய விலையில், மாதக் கட்டணமும் கூடிய விலையில். ஆகவே பில் இரண்டரை மடங்கோடு நிற்காது. வாங்கும் காசு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம், மாதா மாதம் கட்டும் காசு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாங்கள் 27 இல் வைத்து, பேனையும் மெதுவாகச் சுற்ற விடுகிறோம். கதவிடுக்கில் துணி வைக்கிறோம். காற்று மாமியின் மேல் நேராகப் படாமல் கட்டிலுக்கு மேலால் போகிறது. ஓட்டும் நேரம் இரவு பத்தில் இருந்து சுபஹ் வரை மட்டும்.

மாமி இப்போது இரவில் தூங்குகிறா. முதுகுப் புண் காய்ந்து வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். நாங்களும் ஒரே மூச்சில் நாலு மணித்தியாலம் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

யாரையும் குத்திக் காட்ட இதை எழுதவில்லை. ஏசி வைத்திருப்பவர் எல்லாம் ஆடம்பரக்காரர் அல்ல. எந்த வீட்டுக்குள் எந்த நோயாளி கிடக்கிறார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் தெருவில் வீட்டுக்கொன்று வந்துவிட்டால், வைக்க வசதி இல்லாத வீடுதான் எல்லாருடைய சூட்டையும் வாங்கும். பள்ளி நிருவாகத்தினர், கட்டிட வேலை செய்யும் சகோதரர்கள், புது வீடு கட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பிளானிலேயே வெளிப்பெட்டிக்கு இடமும் தண்ணீருக்கு வழியும் விட்டால் பிறகு யாரும் யார் முகத்தையும் பார்த்துச் சங்கடப்படத் தேவையில்லை.

எங்கள் மாமிக்காகவும், இந்த வெக்கையில் பேன்கூட இல்லாமல் கிடக்கும் எல்லா நோயாளிகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.