நூறு பிள்ளைக்கு உலை வைத்த கை

நண்பர் ஒருவர் தன் மகனை ஓசூர் வேலைக்கு அனுப்பும் முன், பேரையூரில் ஓர் அம்மாவிடம் பத்து நாள் சமையல் படிக்க விட்டிருந்தார். ‘ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்களேன்’ என்றார். திருமங்கலம் வழியாக வந்து, டி.கல்லுப்பட்டியில் பஸ் மாறி, காலை எட்டு மணிக்கெல்லாம் அந்த அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்தேன்.

அவர் சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கிய சில வருடங்களில் உதவியாளராகச் சேர்ந்தாராம். ஊரில் பாதிப் பேருக்கு அவர் இன்னும் ‘ஆயாம்மா’தான். அவர் கையில் சாப்பிட்ட பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

“ஓய்வு வந்த மறுநாளு எங்க ரெண்டு பேருக்குக் குழம்பு கூட்டுனேன் சார். உப்பு வாயில வைக்க முடியல. கை நூறு பிள்ளைக்கே அள்ளுது” என்றார். சின்னப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்புக்கு மேல் 150 கிராம் என்று பழகிய கை அது. இரண்டு பேருக்கு அளக்க அவரே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அவரால் சொல்லிக் கொடுக்க முடிகிறது என்று நினைக்கிறேன். தெரியாமல் நின்ற இடம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

குக்கர் பரணில் கிடந்தது. “விசில் எண்ணுறதுக்கு நான் எதுக்கு?” அன்றைய பாடம் சோறு வடிப்பது. அம்மாவின் தாயார் வைத்திருந்த பித்தளை ஆழாக்கில் ஆளுக்கு ஒன்று அளந்து, களைந்து, கொதித்த உலையில் போட்டான் பையன். கொஞ்ச நேரத்தில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கச் சொன்னார். “நடுவுல ஊசி முனை மாதிரி வெள்ளை தெரியுதா? அப்பவே வடிச்சிரணும் தம்பி. வடியுற சூட்டுல அது வெந்துரும். வெந்ததுக்கப்புறம் வடிச்சா குழஞ்சிரும்.” முப்பது வருடமாக நான் தினமும் சோறு சாப்பிடுகிற வீட்டில், இந்த ஊசி முனையை எனக்கு யாரும் காட்டியதில்லை. துணியோடு மூடியை அழுத்திப் பிடித்துச் சட்டியைச் சாய்க்கும்போது, ஆவி எதிர்ப்பக்கம் போகும்படி அவன் மணிக்கட்டை மெல்லத் திருப்பிவிட்டார். அவருடைய முழங்கையில் பழைய சாம்பார் சுட்ட தழும்பு.

மசாலா அரைத்த பாடம் எனக்குப் பிடிபடவில்லை. மல்லியை எவ்வளவு வறுப்பது என்று கேட்டால் “வாசம் சொல்லும்” என்றார். அதை விட்டுவிடுகிறேன்.

2014 வாக்கில் சத்துணவில் கலவை சாதம் வந்தபோது, ஐம்பது வயதைத் தாண்டியவர் கொண்டைக்கடலை புலாவும் மசாலா முட்டையும் புதிதாகப் படித்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு கிடைத்த சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். போதாமல் கல்யாண வீட்டு வேலைக்குப் போனார். இரவெல்லாம் வெங்காயம் உரித்து, விடியும்வரை தேங்காய் துருவும் வேலை. காண்ட்ராக்டர் வீட்டுக்காரரிடம் இலைக்கு இவ்வளவு என்று பேசுவார். பெண்களிடம் நாள்கூலி பேசுவார். பந்தி கூடினால் இலைக்கணக்கு கூடும், கூலி கூடாது. ஆண் சமைத்தால் ‘மாஸ்டர்’, இவர் ‘சமையக்காரம்மா’. அந்தக் கல்யாணச் சாம்பாரை நாம் எல்லோரும் புகழ்ந்து சாப்பிட்டிருக்கிறோம். பக்கத்து டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தன் கடைசி வருடங்களைக் கழித்தார், 1960இல் மறைந்தார். ஒரு பொருள் எந்த வழியில் வந்ததோ, அதில் வாங்குகிறவனுக்கும் பொறுப்புண்டு என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் நாளிலேயே, அரைக்கிற பெண்ணுக்கு என்ன கூலி என்று காண்ட்ராக்டரிடம் கேட்டாக வேண்டும். கேட்பவர்கள் நாலு வீட்டார் இருந்தால் கணக்கு மாறும்.

பையனுக்குச் சொல்லிக் கொடுக்க அவர் முதலில் காசு வாங்க மறுத்திருக்கிறார். நண்பர் விடவில்லை. அவர் செய்தது சரி.

சோறு பொலபொலவென்று வந்திருந்தது. அம்மா ஒரு பருக்கையை வாயில் போட்டுக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. வடித்த கஞ்சியை டம்ளரில் ஊற்றி, உப்புச் சாடியை அவன் பக்கம் நகர்த்தினார்.

“நீயே போடு சாமி.”

மூன்று விரலால் எடுத்தான். கொஞ்சம் உதிர்த்துவிட்டு மிச்சத்தைப் போட்டான். அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.