இரண்டாயிரம் வெள்ளிக்கு அறிவியல்

தலைமையாசிரியை அழைத்தபோது நான் ஷா ஆலாமில் வேலையில் இருந்தேன். "டேய், முன்னாள் மாணவருங்க 2,000 வெள்ளி குடுத்திருக்காங்க. அறிவியல் பொட்டி வாங்கணுமாம். நீதான இஞ்சினியரு, பாத்து சொல்லு."

நான்காம் ஆண்டில் எனக்குத் தமிழ் எடுத்தவர். இடையில் வேறு பள்ளிகளுக்குப் போய், இப்போது அதே பள்ளிக்குத் தலைமையாசிரியையாகத் திரும்பியிருக்கிறார். ஈஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தான் போகும் வழியில் செம்பனைக்கு நடுவே உள்ள தோட்டப் பள்ளி அது. நான் படித்தபோது நூறு பேருக்கு மேல் இருந்தோம். இப்போது 43 பேர். மாணவர் எண்ணிக்கை 150-க்குக் குறைந்தாலே அரசாங்கக் கணக்கில் அது 'குறைந்த மாணவர் பள்ளி'.

"ரோபோ மாதிரி ஏதாச்சும் இருந்தா நல்லாருக்கும்யா. அடுத்த வருஷம் முதலாம் ஆண்டுக்கு அஞ்சு பேருதான் பதிஞ்சிருக்காங்க" என்றார். தோட்டத்தை விட்டு வெளியேறிய இளம் பெற்றோர் பூஞ்சாக் ஆலாமில் வீடு வாங்கிவிட்டார்கள். பக்கத்துப் பள்ளி முகநூலில் பிள்ளைகள் ரோபோவுடன் நிற்கிறார்கள். அவருக்குத் தேவைப்பட்டது படம் எடுக்கக்கூடிய ஒரு பொருள். அதை என்னால் கேலி செய்ய முடியவில்லை.

இரண்டு வாரம் இணையத்தில் தேடினேன். ஓரளவு நல்ல ரோபோ பெட்டி ஒன்று 300 வெள்ளிக்கு மேல். 2,000 வெள்ளிக்கு ஆறு பெட்டி, அதாவது ஒரு பெட்டிக்கு ஏழு பிள்ளைகள். ஒருவன் பொத்தானை அழுத்த ஆறு பேர் எட்டிப் பார்ப்பார்கள். எரிமலைப் பெட்டி ஒருமுறை பொங்கினால் முடிந்தது. பனித்துளியை வளர்த்துப் பார்க்கும் பெட்டிகூட இருந்தது. இங்கிருந்து அரை மணி நேரத்தில் கம்போங் குவாந்தான் ஆற்றோரம் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னுகின்றன. அதைக் கவனிக்கச் சொல்லும் பெட்டி எதுவும் கண்ணில் படவில்லை.

மலிவான மின்சுற்றுப் பெட்டிகளில்தான் அதிகம் தயங்கினேன். பல பெட்டிகளில் பொத்தான் அளவு லித்தியம் பேட்டரி இருந்தது. ஒரு பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வீட்டில் தம்பி தங்கை உள்ள பிள்ளையிடம் அதை எப்படிக் கொடுப்பது? சின்ன நியோடிமியம் காந்தங்களும் அப்படித்தான். இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு துளை போட்டுவிடும். அடுத்தது எல்.இ.டி. விளக்கு. வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், ஒற்றை 1.5 வோல்ட் பேட்டரிக்கு அது எரியாது. முனை மாற்றி வைத்தாலும் எரியாது. பத்து வயதுப் பிள்ளை தனக்குத்தான் இது வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

இந்த நினைப்பு எனக்குப் பழக்கமானது. நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2003-இல். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் பி.பி.எஸ்.எம்.ஐ. தொடங்கிய வருடம். நாங்கள்தான் முதல் அணி. பள்ளிக்கு மடிக்கணினி வந்தது, ஒளிவீழ்த்தி வந்தது, பாடக் குறுந்தட்டுகள் வந்தன. சுவரில் விழுந்த படத்தில் விளக்கு எரிந்தது, பேட்டரி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வகுப்பின் பின்னால் கண்ணாடி அலமாரியில் நிஜப் பேட்டரியும் விளக்கும் பூட்டியிருந்தன. அதிகாரிகள் வரும் நாளில் தூசி தட்டுவோம். 'செர்க்கிட்' என்ற சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் எழுதி யூ.பி.எஸ்.ஆரில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஒரு விளக்கை நானே எரியவைத்தது பெர்லிஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், பத்தொன்பது வயதில். பக்கத்து மேசையிலிருந்தவன் பள்ளி நாளிலேயே வானொலியைப் பிரித்துச் சேர்த்தவன். அவனுக்குக் கைநடுக்கம் இல்லை.

பெட்டிகளைத் தேடியபோதுதான் அர்விந்த் குப்தாவைப் பற்றிப் படித்தேன். 1975-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் முடித்து டெல்கோ லாரி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978-இல் ஒரு வருடம் விடுப்பெடுத்து மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்குப் போனார். 1972-இல் 16 கிராமப் பள்ளிகளில் தொடங்கிய திட்டம் அது. பிள்ளைகள் செய்து பார்த்தே அறிவியல் கற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அங்கே வாரச்சந்தையில் கிடைத்த தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து முக்கோணமும் கனசதுரமும் செய்ய வைத்தார். அவருடைய குறும்படங்கள் தமிழிலும் உண்டு. அதற்கும் முன்னால், 1948-இலேயே, போரில் நொறுங்கிய நாடுகளின் அறிவியல் ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ ஒரு கையேடு போட்டது. ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் கையில் கிடைப்பதை வைத்துச் சோதனை செய்வது எப்படி என்று அது சொன்னது.

வால்வு டியூப் கேட்டு சைக்கிள் கடைக்குப் போனேன். "இப்ப யாரு தம்பி அத கேக்குறா?" என்றார் கடைக்காரர். சரி, அவருடைய சந்தை வேறு, என்னுடைய சந்தை வேறு. தென்னை ஈர்க்கையும் களிமண்ணையும் எடுத்துக்கொண்டேன். டார்ச் லைட்டுக்குப் போடும் 2.5 வோல்ட் குண்டு பல்புக்குக் கிள்ளானில் நான்கு கடை ஏறி இறங்கினேன். அதற்கு முனை மாற்றம் கிடையாது. ஒற்றைப் பேட்டரிக்கு மங்கலாகவாவது எரியும், இரண்டு பல்பை வரிசையாகக் கோத்தால் மங்குவது கண்ணுக்குத் தெரியும். பேட்டரி, ஆணி, பெரிய கறுப்புக் காந்தம், உருப்பெருக்கி, செப்புக் கம்பி என எல்லாம் இரண்டு பேருக்கு ஒரு தொகுதி. மொத்தம் 1,100 வெள்ளி. மிச்சத்தில் தலைமையாசிரியைக்காக ஒரே ஒரு ரோபோ.

முதல் சனிக்கிழமை நாலாம், அஞ்சாம் ஆண்டு பிள்ளைகள் 12 பேர் வந்தார்கள். ஆணியில் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்யலாம் என்றேன். சுற்றினோம். குண்டூசி ஒன்றுகூட ஒட்டவில்லை. பேட்டரியை மாற்றினேன். இன்னொரு ஆணி எடுத்தேன். எனக்கு வேர்த்தது. பிள்ளைகள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், கம்பி மேல பெயிண்ட் இருக்கு சார்" என்றாள் அஞ்சாம் ஆண்டுப் பெண். "எங்கப்பா ஆலையில மோட்டர் கட்டுவாரு. சொரண்டிட்டுத்தான் மாட்டுவாரு."

வார்னிஷ் பூசிய கம்பி. முனையைச் சுரண்டாமல் மின்சாரம் போகாது. மின்பொறியியல் பட்டதாரிக்கு அது மறந்துபோயிருந்தது. அவள் கத்தரிக்கோலால் சுரண்டிக் கொடுத்தாள். மூன்று குண்டூசி எழும்பி ஒட்டியது.

"அதிகமா சுத்துனா அதிகமா தூக்குமா சார்?" என்றான் ஒரு பையன். எனக்குப் பதில் தெரியும், வாய்வரை வந்தது. "சுத்திப் பாரு" என்றேன். 20 சுற்றுக்கு 3, 40 சுற்றுக்கு 7. 60 சுற்றுக்கு 6. ஏன் குறைந்தது? ஒருவன் சுற்று மேல் சுற்று ஏறிவிட்டது என்றான். இன்னொருவன் பேட்டரியைத் தொட்டு "சூடா இருக்குடா, களைச்சிப்போச்சி" என்றான். புதுப் பேட்டரி போட்டு மறுபடி எண்ணினார்கள். 10 வந்தது. அதையும் ஒருவன் ஒப்புக்கொள்ளவில்லை, "பழசப் போட்டு இன்னொரு வாட்டி எண்ணுங்கடா" என்றான். பேருந்து வந்து ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தார்கள். மேசையில் ரோபோ அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அன்று மாலை தலைமையாசிரியையோடு கொஞ்சம் சண்டை. அவர் அலமாரிச் சாவியோடு நின்றார்.

"பூட்டாதீங்க டீச்சர்."

"தொலைஞ்சா யாரு கணக்கு சொல்றது? நீயா வருவ?"

அவர் சொல்வதும் நியாயம். அரசாங்கப் பள்ளியில் பொருள் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். குறைந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசியில் ரோபோ மட்டும் பதிவேட்டில் ஏறியது, பூட்டுக்குள்ளும் போனது. மற்றதெல்லாம் என் பெயரில் திறந்த பிளாஸ்டிக் கூடையில். "கொறையறத மாசாமாசம் நீதான் வாங்கித் தரணும்" என்றார்.

குண்டூசி தொங்கும் ஆணியைப் படமெடுத்து முகநூலில் போட்டார். 31 பேர் விரும்பியிருந்தார்கள், பெரும்பாலும் முன்னாள் மாணவர்கள். முதலாம் ஆண்டுப் பதிவு இப்போது ஆறு. அந்த ஆறாவது பிள்ளை டீச்சரின் சொந்தக்காரப் பிள்ளை.

போன மாதம் நான்கு பல்பு, இரண்டு பேட்டரி, ஓர் உருப்பெருக்கி குறைந்திருந்தன. உருப்பெருக்கி மட்டும் திங்கட்கிழமை கூடைக்குத் திரும்பி வந்துவிட்டது. கண்ணாடியில் மீன் செதில் ஒட்டியிருந்தது.