கீரைப் பாத்தியில் சுக்குப்பால்

முளைக்கீரை விதைத்து 25 நாளில் சந்தைக்கு வந்துவிடுகிறது. நெல்லுக்கு மருந்தடித்தால் அதன் வீரியம் குறையக் கொஞ்சம் நாளாவது கிடைக்கும். கீரைக்கு அந்த அவகாசமே கிடையாது. மருந்து விழுந்த அதே இலையைத்தான் பறித்துக் கடைகிறோம். வேறு பயிருக்கு எப்படியோ, கீரைக்குப் பச்சிலை மருந்துதான் சரி என்று நான் உறுதியாக நினைப்பது இதனால்தான்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு குடும்பம் கீரை மட்டுமே பயிரிடுகிறது. மழை விட்டும் மூட்டம் கலையாத ஐப்பசி நாளொன்றில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கீரைக்குச் சீக்கு வருகிற பருவம் அது. தோட்டக்கார அம்மா பாத்தியோரம் குந்தியபடியே நகர்ந்து, இலைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். “மேல பார்த்தா ஒண்ணும் தெரியாதுங்க தம்பி, அடியில பாருங்க” என்று ஒரு சிறுகீரை இலையைத் திருப்பிக் காட்டினார். மேற்புறத்தில் வெளிறிய மஞ்சள் திட்டு மட்டும் இருந்தது. அடிப்புறத்தில் பொடிப்பொடியாக வெள்ளைக் கொப்புளங்கள். தேய்த்ததும் விரலில் மாவாக ஒட்டியது. வெள்ளைத்துரு நோய். செடியை வேரோடு பிடுங்கி, இடுப்பில் கட்டியிருந்த பைக்குள் போட்டுக்கொண்டார். சீக்குச் செடியை வரப்பில் வீசும் பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

மருந்து காய்ச்சுவது மருமகளின் பொறுப்பு. சாளையின் ஓரத்தில் மூன்று கல் அடுப்பு. 20 கிராம் சுக்கை இடித்து, 200 மில்லி தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சினார். அரை லிட்டர் பாலைத் தனியே காய்ச்சி ஆறவிட்டு, ஆடையை வழித்தெடுத்தார். ஆடை கிடந்தால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளுமாம். இரண்டையும் 20 லிட்டர் தண்ணீரில் கலந்தால் மருந்து தயார். மராட்டியத்தின் சுபாஷ் பாலேக்கர் பரப்பிய சுக்கு அஸ்திரம்தான் இது. அவர் 200 லிட்டருக்குச் சொன்ன அளவை இவர்கள் பத்தில் ஒன்றாக்கிக்கொண்டார்கள். செங்கீரைப் பாத்திக்கு மஞ்சள்தூளும் சமையல் சோடாவும் கலந்த கரைசல். அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பாலக்காட்டு உறவினர் மூலம் இங்கே வந்திருக்கிறது. செங்கீரையைத் தனியாக விதைக்காமல் இலைப்புள்ளியைத் தாங்கும் கோ.1 பச்சைக் கீரையோடு கலந்து விதைப்பதும் அங்கிருந்து கற்றதுதான்.

வேலியோரம் ஊமத்தையும் எருக்கும் மண்டிக் கிடந்தன. ஐந்திலைக் கரைசலில் சேர்ப்பார்களே, நீங்கள் சேர்ப்பதில்லையா என்று கேட்டேன். அம்மா பதறிவிட்டார். “பருத்திக்கு அடிக்கலாமுங்க. புள்ளைங்க திங்கற கீரைக்கு ஊமத்தையா?” இயற்கை விவசாயம் பேசுகிற பலர் தவறவிடும் இடம் இது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு சாறு நஞ்சற்றதாகிவிடாது. சாணக் கரைசலையும் அவர் விதைப்புக்கு முன் மண்ணுக்கு விடுவதோடு சரி, இலைமேல் படவிடுவதில்லை. சாணத்தில் குடலைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அதுவே முறை.

இந்த மருந்துகளுக்கு எல்லை உண்டு. இலை முழுக்கப் பரவிய நோயைச் சுக்குப்பால் திருப்பாது. புள்ளி தலைகாட்டும் முன்போ, ஓரிரு செடியில் கண்டவுடனோ அடித்தால்தான் பலன். வெயில் சாய்வதற்குள் தெளித்து, இருட்டுவதற்குள் இலை காய்ந்துவிட வேண்டும். ஈரத்தோடு இரவைக் கழிக்கும் இலையில் பூசணம் சுலபமாக இறங்கும். அதைவிடப் பெரிய மருந்து தண்ணீர் கட்டும் விதம். குழாயைப் பிடித்து மேலிருந்து பீய்ச்சினால், மண்ணிலிருக்கும் பூசணம் தெறித்து இலைக்கு ஏறும். இங்கே வாய்க்காலில் விட்டு வேருக்கு மட்டும் பாய்ச்சுகிறார்கள். நாற்றழுகலுக்கு, விதைப்பதற்கு முன் சென்ட்டுக்கு ஒரு கிலோ வேப்பம்பிண்ணாக்கு. விதையையும் மணலோடு கலந்து பரவலாகத் தூவுகிறார்கள். நெருக்கி விதைத்த பாத்தி காற்றில்லாமல் புழுங்கி அழுகும்.

ஆக, இங்கே செலவு மருந்தில் இல்லை, ஆளில் இருக்கிறது. காலையில் இலை புரட்டுவது, சீக்குச் செடி பொறுக்குவது, காய்ச்சுவது, வடிகட்டுவது, பிறகு பறித்து வாழைநாரில் கட்டுக் கட்டுவது என அத்தனையும் பெண்கள் கை வேலை. ரசாயனம் அடித்தால் ஒருவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விடலாம். சந்தையில் இரண்டு கட்டுக்கும் ஒரே விலைதான். வியாபாரி பச்சை நிறத்தையும் கட்டின் பருமனையும் பார்ப்பதோடு சரி, எப்படி வளர்ந்தது என்று கேட்பதில்லை. இந்த வேலைக்கு உரிய கூலி விலையில் சேராத வரை, எத்தனை குடும்பங்கள் இப்படியே தாக்குப்பிடிக்கும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

வியாபாரி கேட்காததை நாம் கேட்கலாம். கீரை வாங்கும்போது, என்ன மருந்து அடித்தது, அடித்து எத்தனை நாளாயிற்று என்று விசாரியுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் தொடர்ந்து வாங்குங்கள், இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுங்கள்.