நிலத்துக்காரர் சம்மதம்

மழை விட்ட காலையில் ஹெசரகட்டா புல்வெளியில் முதலில் கேட்பது வானம்பாடியின் குரல். அடுத்துக் கேட்பது கேமராவின் ‘க்ளிக்’. பெங்களூரு நகர மையத்திலிருந்து வடமேற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் இருக்கிறது இந்த இடம். விடுமுறை நாட்களில் தொலைநோக்கியும் நீண்ட லென்ஸும் தோளில் தொங்க வந்து இறங்குகிறார்கள் நகரவாசிகள். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பும் பெங்களூருவிலிருந்து இதேபோல இருட்டோடு கிளம்பியவர்கள் உண்டு. அவர்கள் தோளில் தொங்கியது துப்பாக்கி.

கன்டோன்மென்ட் நகரமான பெங்களூரு வேட்டைக்காரர்களுக்கு வசதியான முகாமாக இருந்தது. குளிர்காலத்தில் ஏரிக்கரை நெல்வயல்களில் உள்ளான் வந்திறங்கும். ஏரிகளில் கிளுவையும் மற்ற வாத்துகளும் மிதக்கும். ராகிக் கொல்லைகளில் கவுதாரியும் காடையும் கிடைக்கும். பெரிய மிருகம் வேண்டுமென்றால் ஓசூர் தாண்டி தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுகள். அந்தக் காடுகளை ஆங்கில வாசகர்களுக்குப் பரிச்சயமாக்கிய கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூருவாசி. ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றிய அவரது முதல் புத்தகம் 1954இல் வெளிவந்தது.

அரசுக் காட்டில் சுட லைசென்ஸ் போதும். கொல்லையில் சுட? கவுதாரிக்குப் பட்டா கிடையாது. ஆனால் அது மேயும் கொல்லைக்கு உண்டு.

இந்தச் சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில் தனியார் நிலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போகிறவர் கையில் மாநில அரசின் லைசென்ஸ் இருந்தாலும் பண்ணைக்காரரின் வாசலில் போய் நின்று கேட்டாக வேண்டும். பறவை பொதுச் சொத்து, அது நிற்கும் மண் தனியார் சொத்து என்பது அங்குள்ள கணக்கு.

இந்தியச் சட்டத்திலும் இப்படி ஒரு விதி இருந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 1972இன் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரேயடியாகத் தடை செய்யவில்லை. சில விலங்குகளுக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்தது. மற்றவற்றைச் சுட லைசென்ஸ் முறையை வைத்தது. கூடவே 17ஆவது பிரிவில் ஒரு நிபந்தனைப் பட்டியல்: வாகனத்திலிருந்து சுடக் கூடாது, இரவில் கூடாது, விஷம் வைக்கக் கூடாது. அதே பட்டியலில் இதுவும் இருந்தது: அரசுக்குச் சொந்தமில்லாத நிலத்தில், உரிமையாளரோ அவருடைய ஏஜெண்டோ சட்டப்படி நிலத்தை அனுபவிப்பவரோ சம்மதிக்காமல் வேட்டையாடக் கூடாது. நகரத்திலிருந்து துப்பாக்கியோடு வரும் கனவானுக்கு எதிரே, ராகி விதைத்த குத்தகைக்காரரின் வார்த்தைக்கும் ஏட்டளவிலாவது ஒரு மதிப்பு இருந்தது.

அது 19 ஆண்டுகள் நீடித்தது. 1991 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று அமலுக்கு வந்த திருத்தம் வேட்டை லைசென்ஸை ஒழித்தது. 17ஆவது பிரிவும் அதோடு போயிற்று. இன்று தன் நிலத்தில் மேயும் மயிலைச் சுட்டுக்கொள்ளும்படி சொல்ல உரிமையாளருக்கே அதிகாரம் கிடையாது. சுட்டால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல வேண்டுமானால் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும். அப்படிக் கொன்ற பன்றியும் அரசுச் சொத்துதான். நஷ்டம் மட்டும் விவசாயியுடையது.

பறவைகள் பிழைத்தன. ஆனால் சுடலாமா என்று கேட்டு வந்தவர் நின்ற வாசலில் இப்போது விலை கேட்டு வருபவர் நிற்கிறார். ராகிக் கொல்லை லே-அவுட் ஆகும்போது காடை சாவதில்லை; இருக்க இடமில்லாமல் போகிறது. அதைத் தடுக்கச் சட்டத்தில் பிரிவு இல்லை. பறவையின் உயிர்மீது உரிமை இழந்த நிலத்துக்காரரின் கையில்தான் பறவையின் வீடு இன்னும் இருக்கிறது.

ஹெசரகட்டாவில் இது நன்றாகத் தெரிகிறது. பெங்களூருவுக்குக் குடிநீர் தர திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1894இல் அர்க்காவதி ஆற்றில் உருவானது இங்குள்ள ஏரி. அதன் அருகே பரந்து கிடக்கும் புல்வெளி அரசு நிலம். 2011இல் இங்கே ஒரு வரகுக்கோழி தென்பட்டபோது பறவை ஆர்வலர்கள் திரண்டு வந்தார்கள். இனச்சேர்க்கைக் காலத்தில் புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதிக்கும் பறவை அது. அந்தக் குதிப்பே அந்த நாளில் துப்பாக்கிக்காரர்களுக்குக் குறி காட்டிக் கொடுத்தது.

இந்தப் புல்வெளியைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கும் யோசனையை 2021இல் மாநில வனவிலங்கு வாரியம் நிராகரித்தது. மேய்ச்சல் நின்றுபோகுமோ, சொந்த நிலத்தில் கை வைக்க முடியாமல் போகுமோ என்று சுற்றுக் கிராமங்களில் பயம் இருந்தது. 2024இல் 5,678 ஏக்கருக்கு வாரியம் ஒப்புதல் தந்தது. அரசு நிலமே ஆனாலும், இப்படி அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும் என்கிறது சட்டம். புல்வெளியை நம்பி மாடு வளர்ப்பவரை எதிரியாக்கிக்கொண்டு வரகுக்கோழியை வரவேற்க முடியாது.

சம்மதம் கேட்டுக் காப்பாற்றுவது எப்படி என்று பார்க்க விரும்புபவர்கள் மைசூரு சாலையில் சுமார் 80 கி.மீ. போனால் போதும். மத்தூர் அருகே மண்டியா மாவட்டத்தில் இருக்கிறது கொக்கரெ பெல்லூர். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் இங்கே கூடு கட்டுவது நடுக்காட்டில் அல்ல, ஊருக்குள். வீடுகளை ஒட்டி நிற்கும் புளியமரங்களில். மரங்கள் தனியார் சொத்து. பறவைகள் தங்கினால் புளி மகசூல் குறையும். மரத்துக்காரர்களுக்கு வனத்துறை ஈட்டுத்தொகை தருகிறது. பறவை எச்சம் வயலுக்கு உரமாகிறது. தனியார் நிலத்தில் மக்கள் தாமே முன்வந்து வனவிலங்கைக் காக்க இடம் தரும் பிரிவு 2002இன் திருத்தத்தில் சட்டத்துக்குள் வந்தது. அதன்படி 2007இல் இந்த ஊர் சமுதாயக் காப்பகம் ஆனது. 1991இல் சட்டத்திலிருந்து வெளியேறிய நிலத்துக்காரர் சம்மதம், சுடுவதற்காக அல்லாமல் காப்பதற்காகத் திரும்பி வந்தது.

கொக்கரெ பெல்லூருக்குப் போக ஏற்ற காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கூடுகள் நிறைந்த மரம் சில சமயம் யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டில் நிற்கும். படமெடுக்க வந்தவர் வாசலில் நின்று குரல் கொடுத்துக் கேட்டுவிட்டு உள்ளே போவதுதான் முறை.