படியோலையும் மூல ஓலையும்

சூதாட்டத்தைப் பற்றித் திருநாவலூர்க்காரர் எழுதுவது பொருத்தமில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அடியார் வரிசையில் ஒரு சூதாடிக்கும் இடம் தந்து திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர் பிறந்தது இவ்வூரில்தான். அந்தச் சூதாடி திருவேற்காட்டு மூர்க்க நாயனார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை விரித்த சேக்கிழார், அவருடைய ஆட்டமுறையையும் சொல்லிவிடுகிறார். முதல் ஆட்டத்தில் தோற்பார். அடுத்தடுத்த ஆட்டங்களில் வெல்வார். தோற்ற பொருளைத் தர மறுப்பவரைச் சுரிகையால் குத்துவார். வென்றதைத் தம் கையால் தீண்டாமல் அடியார் அமுதுக்கு ஆக்கிவிட்டுக் கடைப்பந்தியில் உண்பார். வகுப்பில் மாணவர்கள் கத்தி வரும் இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். நமக்கு என்னவோ அந்த முதலாட்டத் தோல்வியின்மேல்தான் கண்.

நம்மிடம் தமிழ் இலக்கியம் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். கைப்பேசியில் 'ஒமாஹா' என்னும் போக்கர் வகையை ஈராண்டுகள் ஆடியவர். தந்தைவழி வந்த முந்திரித் தோப்பு அதில் போயிற்று. ஆறுதல் தேடி வந்தவராகத் தெரியவில்லை. "நான் சரியாத்தான் ஆடினேன் ஐயா, அதை மட்டும் நீங்க ஒத்துக்கணும்" என்றார். ஒத்துக்கொள்வதற்கு முதலில் ஆட்டம் விளங்கவேண்டுமே! தேநீர் ஆறும்வரை சீட்டுகளைப் பரப்பி விளக்கினார்.

ஒமாஹாவில் ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள். நடுவில் பொதுச்சீட்டு ஐந்து. முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு திறக்கப்படும். கையிலிருந்து சரியாக இரண்டையும் பொதுவிலிருந்து மூன்றையும் சேர்த்தே ஆட்டம் கட்டவேண்டும். பந்தயத்துக்கும் வரம்புண்டு, பொதுவாக நடுவில் குவிந்துள்ள தொகைக்கு மேல் ஏற்றமுடியாது.

அவர் காட்டிய கை இது. நம்மிடம் இரண்டு ராஜா, ஓர் ஏஸ், ஓர் இரண்டு. நடுவில் ராஜா, ஒன்பது, எட்டு, மூன்றும் வெவ்வேறு இனம். மூன்று ராஜா சேர்ந்தாயிற்று. அந்த நொடியில் அதைவிடப் பெரிய கை எவரிடமும் இருக்கமுடியாது. எதிராளியிடமோ ஜாக்கி, பத்து, ஏழு, ஆறு. இன்னும் ஒன்றும் அமையவில்லை. ஆனால் ராணி, ஜாக்கி, பத்து, ஏழு, ஆறு, ஐந்து ஆகியவற்றில் எது விழுந்தாலும் அவருக்கு ஐந்து சீட்டு வரிசை அமைந்துவிடும். எண்ணிப் பார்த்தோம்: மீதமுள்ள 41 சீட்டுகளில் 20. அப்படி விழுந்த பிறகும் பொதுச்சீட்டு இணையாகி நாம் மீள்வதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இரண்டு சீட்டுகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் தராசு சற்றே எதிராளி பக்கம் சாய்கிறது! வென்றுகொண்டிருப்பவர் நாம்; வெல்லப்போகிறவராக எண்ணத்தக்கவர் அவர். இப்படியொரு முரணைச் சீட்டுக்கட்டில் நாம் எதிர்பார்க்கவில்லை.

இந்நிலையில் பந்தயம் ஏற்றுவதா, பதுங்குவதா? ஏற்றுவதே முறை என்றார். நடுவில் 300 ரூபாய் இருக்க நாமும் 300 வைத்தால், எதிராளி 600-ஐ வெல்ல 300 தரவேண்டும். அரைகுறை எதிர்பார்ப்புடன் இருப்பவர் அந்த விலைக்கு அடுத்த சீட்டைப் பார்ப்பது நட்டம். மேற்சொன்ன இருபது சீட்டுக்காரர் விலகமாட்டார், அவருக்கு அது கட்டுப்படியாகும். ஆனால் முரட்டுத்தனமாக ஏற்றுகிற ஆட்டக்காரரிடம் எப்போதும் அவ்வளவு நல்ல கை இருக்காது. வெறுங்கையோடும் ஏற்றுவார். அதனால் சிலவேளை பந்தயம் வைக்காமல் தட்டிவிட்டு, அவர் ஏற்றியபின் நாம் மேலே ஏற்றுவது இன்னும் நல்லது. அவர் சும்மா இருந்துவிட்டாலோ அடுத்த சீட்டை இலவசமாகக் காட்டியதாக ஆகிவிடும்.

இதைக் கேட்டபோது நினைவுக்கு வந்தது திருவெண்ணெய்நல்லூர் வழக்கு. மணப்பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். ஓலை வலுவான சான்று, கிழித்தால் போயிற்று. சுந்தரர் துரத்திப் பிடித்துக் கிழித்தும்விடுகிறார். அவையில் கிழவர் அலட்டிக்கொள்ளாமல் சொல்கிறார்: கிழிந்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது. முரட்டு எதிராளியைக் கை ஓங்கவிட்டு, அவன் ஓங்கியபின் உண்மைச் சீட்டை இறக்குகிற ஆட்டம் இதைவிட நேர்த்தியாக எங்கும் சொல்லப்பட்டதாக நமக்குத் தெரியவில்லை. பக்திச்சுவையை மட்டுமே பேசும் உரையாசிரியர்கள் பொறுத்தருள்க.

மாணவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை.

சட்டமும் அவரைப் போலவே 'சரியாக ஆடுவது' பற்றி வாதாடியிருக்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறன்சார்ந்த ஆட்டங்கள் என்று கூறி, மாநிலச் சட்டத்தின் தடைப்பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ திறன், அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பாராமல், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை விதித்தது. அவர் கைப்பேசியில் ஆட்டம் நின்றது அப்போதுதான். தோப்பு அதற்கு முன்பே கைமாறியிருந்தது.

அவர் சரியாகத்தான் ஆடினார் என்று நாம் ஒத்துக்கொண்டோம். அந்தக் கணக்கில் பிழை காணமுடியவில்லை. ஆயிரம் முறை அதே கை வந்தால் அவர் சொன்ன முறையே நிற்கும். தோப்பு ஆயிரம் முறை வராது என்பதையும் சொன்னோம். "அது தெரியும் ஐயா" என்றார். ரம்மியில் 'ஸ்கூட்' சொல்லிச் சீட்டைக் கவிழ்ப்பார்களே, அதை ஏன் செய்யவில்லை என்று கேட்டோம். மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு கவிழ்க்க மனம் வரவில்லையாம். இராசசூயம் முடித்த கையோடு பகடைக்கு உட்கார்ந்த தருமனுக்கும் மனம் வரவில்லை.

தோப்புப் பத்திரத்தில் பாட்டனாரின் கையெழுத்து இருந்ததாகச் சொன்னார். சுந்தரர் வழக்கிலும் தீர்ப்பு பாட்டனாரின் கையெழுத்தை ஒப்புநோக்கித்தான் அமைந்தது. மூலப் பத்திரம் வாங்கியவரிடம் போய்விட்டது. ஒளிநகல் ஒன்று எடுத்துவைத்திருக்கிறார். எதற்கு என்று நாம் கேட்கவில்லை.