சீனிச் சோறு



பிறந்த நாள் கேக் என்றால் ஒரு காலத்தில் வெண்ணெய்ப் பூச்சும் நாலு ரோஜாப் பூவும்தான். இப்போது தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்கிப் போனால் கேக் கடைக் கண்ணாடிக்குள் எட்டிப் பாருங்கள். கேக்கின் மேல் கட்டைவிரல் நகத்தளவில் பர்கர், பீட்சா, டோனட் எல்லாம் உட்கார்ந்திருக்கும். அத்தனையும் சீனி! ஃபோண்டன் என்கிற சீனி மாவில் பிடித்து வைத்தவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பர்கர் செய்யத் தெரிந்த விரலுக்கு ஓர் உளுந்து வடை செய்ய வராதா என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம்.

சாப்பாட்டைச் சிறிதாக்கிப் பார்க்கும் ஆசை நமக்குப் புதியதா என்ன? நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மை கடை பரப்பி உட்கார்ந்திருக்குமே, அதன் முன்னால் குட்டிக் குட்டிக் குவியலாக அரிசியும் பருப்பும் வைப்பார்கள். கர்நாடகத்தில் சங்கராந்திக்குச் சீனிப்பாகை மர அச்சில் ஊற்றிப் பொம்மை செய்து, எள்ளும் வெல்லமும் சேர்த்து வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். இத்தாலியின் பலெர்மோ நகரில் வாதுமை மாவையும் சீனியையும் பிசைந்து நிஜப் பழம் போலவே செய்வார்கள். நம் பிள்ளைகள் சொப்புச் சாமானில் கூட்டாஞ்சோறு ஆக்குவதும் இந்த வகைதானே.

நான் இந்த வேலையில் இறங்கியது எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்காக. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய பின், இந்த மலைகளில் வெகு காலம் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். இன்று மலைக்குப் போகிறவர்களில் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும்தான் அதிகம். பெரியம்மா எஞ்சியிருந்த சிலரில் ஒருவர். 2013 ஜூலையிலிருந்து இந்த நாட்டுத் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அவருக்கும் அறுபது நிறைந்தது. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். ஈப்போவில் மகன் வீடு, அடுக்குமாடியில் நாலாவது மாடி.

வழியனுப்பு விருந்துக்கு லயத்துப் பெண்கள் காசு சேர்த்தார்கள். கேக் என் பொறுப்பு. மேலே தேயிலைச் செடியும் கூடையும் வைக்கலாம் என்று இளசுகள் யோசனை சொன்னார்கள். பெரியம்மா காதில் விழுந்துவிட்டது.

"கூடையா? நாப்பது வருசம் முதுகுல சொமந்தது போதாதா? வேற எதாச்சும் வைங்க டீச்சர். என் தூக்குச்சட்டிய வைங்க."

சரி, தூக்குச்சட்டி என்று முடிவாயிற்று. பத்து மணிக்கு மலையில் உட்கார்ந்து அவர் திறக்கும் மூன்றடுக்குத் தூக்குச்சட்டி.

இனி செய்முறை. ஐசிங் சீனி 1 கிலோ, தண்ணீர் 60 மில்லி, ஜெலட்டின் ஒரு மேசைக்கரண்டி, குளுகோஸ் பாகு அரைக் கோப்பை, கிளிசரின் ஒரு மேசைக்கரண்டி. ஜெலட்டினைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்காமல் இளஞ்சூட்டில் கரைத்து, குளுகோசும் கிளிசரினும் சேர்த்துச் சீனியில் ஊற்றிச் சப்பாத்தி மாவு போலப் பிசைய வேண்டும். ஜெலட்டின் விஷயத்தில் ஒரு வார்த்தை. அது பன்றி, மாடு, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று அர்த்தம். மாடு இல்லை என்று அர்த்தமில்லை. மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளுக்குச் செய்யும்போது டப்பாவைப் படித்து வாங்குங்கள். நான் மீன் ஜெலட்டின் போட்டேன். மரக்கறிக்காரர்களுக்கு அதுவும் ஆகாது. ஜெலட்டினே சேராத ஃபோண்டன் கடையில் கிடைக்கிறது.

பொம்மை பிடிக்க இந்த மாவு மட்டும் போதாது, தொய்ந்துவிடும். கால் கிலோ மாவுக்கு ஒரு தேக்கரண்டி சி.எம்.சி. தூள் சேர்த்துப் பிசைந்து ஒரு இரவு மூடி வைத்தால் இறுகும். எங்கள் ரிங்லெட் பனிமூட்டம் சீனிக்குப் பரம எதிரி. சீனி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காலையில் பார்த்தால் பொம்மைக்கு வேர்த்திருக்கும். குளிர்பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்தவுடன் இன்னும் மோசம். நான் அவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு இரண்டு நாள் உலர்த்தினேன். வெள்ளி மினுமினுப்புத் தூள் வாங்கும்போதும் கவனம். "நச்சற்றது" என்று எழுதியிருப்பதெல்லாம் தின்னத் தக்கதல்ல. எதற்கு வம்பு? ஒரு துளி கறுப்புச் சாயம் சேர்த்து அலுமினியச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கடுகளவு உருட்டி இரு முனையும் கூர்செய்த சோற்றுப் பருக்கைகள் இருநூறாவது இருக்கும். நெத்திலிக்குத் தட்டையாக நறுக்கி ஊசி முனையால் ஒரு கண். கோசுப் பொரியலுக்கு மெல்லிய பச்சைத் தாளைத் துருவல் போல வெட்டி மஞ்சள் தூவல். நெத்திலிச் சம்பலின் நிறம்தான் பிடிபடவில்லை. சிவப்பில் கொக்கோத் தூள் சேர்த்த பிறகு வந்தது.

கீழ்த்தட்டில் சோறு, நடுத்தட்டில் பொரியலும் சம்பலும். மேல்தட்டில் என்ன வைக்க என்று பெரியம்மாவிடமே கேட்டேன். சற்று நேரம் பேசவில்லை.

"அது சும்மாதான் டீச்சர் வரும். முட்ட இருந்தா பிள்ளைங்க ஸ்கூலுக்குக் கொண்டுபோவும். மத்தவங்க மூணு தட்டு பிரிக்கிறப்ப நான் மட்டும் ரெண்டு தட்டோட உக்காரவா? அதான் காலித் தட்டையும் சேத்துத் தூக்கிட்டுப் போவேன். அத மட்டும் எறக்கி ஓரமா வச்சிருவேன்."

பன்னிரண்டு வருஷம் ஒரே சுவரைப் பகிர்ந்த எனக்கு இது செய்தி. கேசரி வைத்து நிரப்பட்டுமா என்றேன். "வேணாம். காலியாவே வைங்க. மூடிய மட்டும் போட்டு மூடிருங்க" என்றார்.

அப்படியே செய்தேன். விருந்தன்று, அவரோடு ஒரே நிரையில் பறித்த அக்காள் ஒருவர் சும்மா இருக்காமல் அந்தச் சீனி மூடியை நகத்தால் தூக்கிப் பார்த்துவிட்டார். எனக்கு நெஞ்சு பதறியது. அக்காள் பெரியம்மாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். அப்புறம் அக்காள் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "அடியே, ஒனக்கும் இதே கதைதானா? நான் என் மேத்தட்டுல கல்ல போட்டுல்ல கொண்டாருவேன், ஆடுனா சத்தம் கேக்கணும்னு!" இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இளசுகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

பெரியம்மாவுக்குச் சீனி வியாதி, கேக்கை வாயில் வைக்கவில்லை. தூக்குச்சட்டியை மட்டும் பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து ஈப்போவுக்குக் கொண்டுபோனார். நன்றாக உலர்ந்த சீனிப் பொம்மை ஈரம் படாவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. எறும்புக்கு மட்டும் பயப்பட வேண்டும். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். எறும்பு வரவில்லையாம், பேரன் வந்துவிட்டானாம். நெத்திலியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்று தீர்த்துவிட்டான். தைப்பூசத்துக்குக் குனோங் சீரோ கோவிலுக்கு வரும்போது புதிதாகப் பத்து நெத்திலி செய்து எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.