ஓடையில் வந்த தோழி

பால்காரர் வீடு தேடி வருகிறார். நாம் மாட்டைத் தேடிப் போவதில்லை. நானோ தினமும் இருபது இணையதளங்களின் கதவைத் தட்டி, "புதிதாக ஏதாவது உண்டா?" என்று கேட்டு அலைந்துகொண்டிருந்தேன்!

தம்பிதான் செய்தியோடையைச் சொல்லிக் கொடுத்தான். 1999-ல் பிறந்த ஏற்பாடு. தளத்தின் ஓடை முகவரியை வாசிப்பான் என்ற செயலியிடம் ஒருமுறை கொடுத்தால் போதும். அதுவே அவ்வப்போது எட்டிப் பார்த்து, புதியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி வைத்துவிடும்.

கல்லூரித் தோழி ஒருத்தி தன் தளத்தில் சமையல் குறிப்பு எழுதுவாள். கணவர் காலமான பின் நிறுத்திவிட்டாள். என்ன பேசுவதென்று தெரியாமல் நானும் ஒதுங்கிவிட்டேன்.

பதினோரு மாதம் கழித்து, ஒரு காலையில் ஓடையில் ஒரு தலைப்பு மிதந்து வந்தது: 'வாழைப்பூ உசிலி'.

உடனே போன் செய்தேன்.

"உசிலிக்குப் பருப்பு எவ்வளவடி?" என்றேன்.

மறுமுனையில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன.